அரிசி மூட்டையோடு ஏற முடியாத பாலம்

வடமாவட்டம் ஒன்றில் நெடுஞ்சாலையை ஒட்டிய காலனி அது. நாங்கள் சிலர் அங்கே பல ஆண்டுகளாகக் களப்பணி செய்கிறோம். சாலைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் சேரி. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் ஸ்டாப் எல்லாம் ஊர்ப் பக்கம்தான். இருவழிச் சாலையாக இருந்தவரை மக்கள் குறுக்கே நடந்து போய் வந்தார்கள். நான்கு வழியானதும் நடுவில் தடுப்பு வந்துவிட்டது. 108 ஆம்புலன்ஸ் காலனிக்கு வர வேண்டுமென்றால் மூன்று கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

நாங்கள் மனு எழுதினோம், ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். ஒருவழியாக நடைமேம்பாலம் வந்தது. வெற்றி என்று துண்டறிக்கை கூட அடித்தோம்.

சில மாதம் கழித்துப் பார்த்தால், பாலத்தில் கல்லூரிப் பையன்கள் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பழையபடி தடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாவிடம் ஏன் என்று கேட்டோம்.

"இருபது கிலோ அரிசியத் தலையில வச்சுக்கிட்டு இத்தனை படி எப்பிடிப்பா ஏற? ஒரு தடவ ஏறி எறங்குனா ரெண்டு நாளைக்கு முட்டி வலி தாங்கல."

அடுத்த மாதமே தடுப்பைத் தாண்டும்போது ஒரு வேன் அவரை இடித்தது. இடுப்பெலும்பு முறிந்தது. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் இன்று கம்பு ஊன்றித்தான் வாசலுக்கு வருகிறார்.

பாலம் கேட்டு மனு எழுதிய எங்களில் ஒருவர்கூட அரிசி மூட்டையோடு அந்தச் சாலையைக் கடந்ததில்லை. தோழர்களே, இதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

ஒரு திட்டம் யாருடைய உடலை என்ன செய்யும் என்று கட்டுவதற்கு முன்பே ஆராய்வதற்கு உடல்நலத் தாக்க மதிப்பீடு என்று பெயர். 1999இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு முன்னின்று உருவாக்கிய ஆவணம் இதற்கு ஒரு வரையறை தந்தது. மொத்த மக்கள்தொகைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் போதாது, அந்தத் தாக்கம் மக்களுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். நம் நாட்டில் அந்தப் பங்கீட்டைத் தீர்மானிப்பது சாதி.

இந்தியாவில் போக்குவரத்துத் திட்டங்களுக்கு இப்படி ஒரு தனி மதிப்பீடு கட்டாயமில்லை. இருப்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் பட்டியலில் நெடுஞ்சாலை உண்டு, ரயில் பாதை இல்லை. புதிதாக நிலம் எடுக்காமல் சாலையை விரிவுபடுத்தினால் மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்றும் அந்த அறிவிக்கை விலக்கு அளித்தது. நிலம் இல்லாதவரின் உயிர் எந்தக் கணக்கில் வரும்?

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். வயது, பாலினம், வாகனம் என்று பிரித்துத் தரும் அந்த அறிக்கையில் சாதி என்ற பத்தி கிடையாது. காற்றின் கதையும் இதுதான். நுண்துகள் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் வரம்பு 40. சாலையை ஒட்டிக் குடிசை போட்டவருக்கும் அதே 40தான், ஆனால் லாரிப் புகை முதலில் நுழைவது அவர் வீட்டுக்குள்.

வட்டாரப் போக்குவரத்துத் திட்டம் வாகனத்தை எண்ணுகிறது, பயண நேரத்தில் மிச்சமாகும் நிமிடங்களை எண்ணுகிறது. ஊர்க்காரரின் காருக்கு மிச்சமான பத்து நிமிடம் கணக்கில் ஏறுகிறது. பிரசவ வலியில் இருக்கும் காலனிப் பெண்ணுக்குக் கூடிப்போன நிமிடங்கள் ஏறுவதில்லை.

சட்டம் வரட்டும், அதற்காகப் போராடுவோம். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. உங்கள் பகுதியில் சாலைத் திட்டம் என்று கேள்விப்பட்டதும் ஒரு நோட்டோடு கிளம்புங்கள். காலனியிலிருந்து சுகாதார நிலையத்துக்கு ஒரு கர்ப்பிணியோடும், ரேஷன் கடைக்கு ஒரு பாட்டியோடும், பள்ளிக்கு ஒரு குழந்தையோடும் நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம், எத்தனை படி, எங்கே நிழல், இருட்டில் எந்த இடம் பயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகளில் அந்த இடத்தில் யார் அடிபட்டார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அதைப் படித்துப் பதிவு செய்ய வையுங்கள். நடக்காவிட்டால் மனுவோடு இணையுங்கள்.

நாங்கள் இப்போது அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். புதிய மனுவில் பாலம் கேட்கவில்லை. தரை மட்டத்தில் சிக்னலோடு கடக்கும் இடமும், காலனிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பும், ஆம்புலன்ஸ் நுழைய தடுப்பில் ஒரு திறப்பும் கேட்டிருக்கிறோம். இந்த முறை வாசகங்களைச் சொன்னது காலனிப் பெண்கள், எழுதியது மட்டும் நாங்கள். முதல் கையெழுத்து, கம்பு ஊன்றி வந்த அந்த அம்மாவின் கைநாட்டு.