மலைவீட்டின் மரக்கூரை

சுவிட்சர்லாந்து என்றதும் நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிப் படமே வாசகர்களின் நினைவில் எழும். பனி மூடிய சிகரம், பசும்புல்வெளி, நடுவே பழுப்புநிற மரவீடு. 'ஷாலே' என உலகம் அழைக்கும் அவ்வீட்டை அருகில் நின்று அண்ணாந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. நம் கண்ணைப் பெரிதும் கவர்ந்தது அதன் கூரையே.

பெர்ன் மாநிலத்தில், பிரியென்ஸ் ஏரிக்கு அருகே, பாலன்பெர்க் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் 1978-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இருந்த இடத்தில் காக்க இயலாத பழைய வீடுகளை நாட்டின் பல பகுதிகளினின்றும் துண்டு துண்டாகக் கழற்றிக் கொணர்ந்து, அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். கட்டடங்கள் நூற்றுக்கு மேல். முழங்கால் வலியுடையோர் ஒரே நாளில் அனைத்தையும் காண முயலவேண்டா!

அடித்தளம் கல்லால் ஆனது. அதன்மேல் ஊசியிலை மரங்களின் உத்தரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் வெட்டுவாய் அமைத்துப் பூட்டிவிடுகின்றனர். முகப்பில் கட்டிய ஆண்டும், வீட்டுக்குரிய கணவன் மனைவியின் பெயர்களும், திருமறை வாக்கியமும் செதுக்கப்பெற்றிருக்கும். சில வீடுகளில் தச்சனின் பெயரும் உண்டு. வீட்டைக் கட்டியவனுக்கு வீட்டின் நெற்றியிலேயே இடமளிக்கும் இவ்வழக்கம் எத்துணை நேர்மையானது!

இனி, கூரைக்கு வருவோம். அதை மூடுவது சுட்ட ஓடு அன்று, மர ஓடு. இம்மர ஓட்டை வாளால் அறுப்பதில்லை, பிளந்தெடுக்கின்றனர். உயரமான சரிவுகளில் மெல்ல வளர்ந்து, முடிச்சின்றி நேராக நாரோடும் ஸ்புரூஸ் அல்லது லார்ச் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டி, துண்டுகளாக்கி, கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுகின்றனர். மரம் தன் நாரின் வழியே தானே பிரிகின்றது. வாள் நாரைக் குறுக்கே அறுத்துவிடுவதால் அவ்விடத்தில் நீர் ஊறி மரம் உளுத்துப்போகும். பிளந்த பலகையிலோ நார் முழுமையாக நிற்க, மழைநீர் அதன் வரிப்பள்ளங்களில் வழிந்தோடிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பெரும்பாலும் மூன்று அடுக்கு வரும்படி பதிப்பதால், காற்றும் இடையே புகுந்து ஈரத்தை உலர்த்துகின்றது.

இரும்பாணி விலையேறிய பொருளாயிருந்த காலத்தில் ஆணியே அடிப்பதில்லை. ஒரு முழத்துக்கு மேல் நீளமுள்ள பலகைகளை வெறுமனே பரப்பி, குறுக்கே கழிகளை வைத்து, அவற்றின்மேல் பாறாங்கற்களை ஏற்றினர். கல் உருளாதிருக்கக் கூரையின் சரிவைக் குறைத்தனர். சரிவு குறைந்ததால் பனி வழுக்கி விழாது கூரைமேலேயே தங்கியது. அதுவே கம்பளிபோல் வீட்டுக்குள் வெப்பத்தைக் காத்தது! பலகை ஒருபுறம் தேய்ந்தால் மறுபுறம் திருப்பிப்போட்டனர். ஆணி மலிந்த பின்னரே செங்குத்தான கூரைகள் பெருகின. அப்பென்செல் பகுதியில் சுவர்களையும் சிறு மர ஓடுகளால் மீன்செதில்போல் போர்த்தியிருப்பர்.

ஆயினும் இம்மரக்கூரைக்கு ஒரு பகைவன் உண்டு. 'ஃபோன்' என்னும் வறண்ட வெப்பக்காற்று மலைமீதிருந்து இறங்கும் இரவுகளில், முற்காலத்தில் ஊர்க்காவலர் தெருத்தெருவாகச் சென்று அடுப்புகளை அணைக்கச் செய்தனர். 1861-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இரவு, அக்காற்றின் நடுவே கிளாருஸ் நகரில் தீப்பற்றிற்று. ஏறத்தாழ அறுநூறு கட்டடங்கள் சாம்பலாயின. நகரைப் புதிதாய்க் கட்டியபோது நேரான அகன்ற தெருக்களும் கற்சுவர்களுமே எழுந்தன. தீக்கு அஞ்சிய அரசுகள் பல இடங்களில் மர ஓட்டைக் கைவிடச் செய்தன. அச்சட்டங்களைக் குறைகூற நாம் துணியமாட்டோம். குழந்தைகள் உறங்கும் வீடல்லவா?

'ஷாலே' என்னும் சொல்லின் கதை வேறு. பிரெஞ்சு மொழி பேசும் மலைப்பகுதிகளில் அது, கோடையில் மாடு மேய்ப்போர் தங்கிப் பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்யும் குடிசைக்குரிய பெயர். 1761-இல் ரூசோ வெளியிட்ட புதினம் அச்சொல்லைப் பரப்பிற்று. அடுத்த நூற்றாண்டில் செல்வர்கள் தம் தோட்டங்களிலெல்லாம் 'ஷாலே' எழுப்பினர். தொழிற்சாலைகள் பகுதி பகுதியாகச் செய்து அயல்நாடுகளுக்கும் அனுப்பின. மேய்ப்பனின் குடிசை சீமானின் ஓய்வில்லமாயிற்று.

இன்றோ மலையூர்களில் அத்தகைய இல்லங்கள் பெருகி, ஊரில் பிறந்த இளந்தம்பதியருக்கு வீடு வாங்க இயலாத விலை ஏறிவிட்டது. ஆதலால் 2012-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் சுவிஸ் மக்கள் வாக்களித்து, எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என விதித்தனர். மிகச் சிறு வித்தியாசத்திலேயே அது நிறைவேறிற்று. மலைமாநிலங்களிலேயே எதிர்ப்பு வலுத்திருந்தது, கட்டட வேலையை நம்பி வாழ்வோர் அங்கே மிகுதி என்பதால். மாலையில் நாம் கடந்துவந்த மலையூர் ஒன்றில் வீடுகள் யாவும் அழகாய் நின்றன. பத்தில் ஏழெட்டு வீடுகளின் சன்னல்கள் சாத்தியே கிடந்தன.