சுர்க்கிக்கு எந்த எண்ணை இடுவது?

பிம் எனச் சுருக்கமாக வழங்கும் கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுவோர் பெரும்பாலும் புதிதாக எழும் விமான நிலையங்களையே காட்டுவர். என் ஆய்வு பழைய அணைகளைப் பற்றியது. அதிலும் கேரள மண்ணில் நின்று தமிழகத்தால் இயக்கப்படுபவை. பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளம் ஒன்று, இடுக்கி மாவட்டத்து முல்லைப் பெரியாறு மற்றொன்று.

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளத்தின் மூன்று மதகுகளுள் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. எந்த மாதிரியும் இரும்பு அறுவதைத் தடுக்காது. ஆயினும் சங்கிலி, எதிர் எடை, கதவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பாகப் பதிவாகி, கடைசி ஆய்வு நாளும் அதனோடு ஒட்டியிருந்தால், எதன் தவணை கடந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். பழைய அணைக்கு பிம் தரும் பெரும்பயன் இதுவே. முப்பரிமாண அழகெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

முல்லைப் பெரியாற்றில் சிக்கல் வேறு. 1895இல் நிறைவுற்ற அவ்வணையின் முகப்புகள் கருங்கல் கட்டு; உட்புறம் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட். 1979க்குப் பின் மேலே கான்கிரீட் மூடி, ஊடே கம்பிவட நங்கூரங்கள், பின்புறம் தாங்கு கான்கிரீட் எனப் புதியவை சேர்ந்தன. புதியவற்றை வரைவது எளிது. நான் பயன்படுத்தும் மென்பொருளின் பொருட்பட்டியலில் சுர்க்கி இல்லை. அதன் அடர்த்தியையும் வலிமையையும் நாமே இடவேண்டும். துளையிட்டெடுத்த மாதிரிகள் சில இடங்களைப் பற்றி மட்டுமே பேசும், எஞ்சியது ஊகம். எண்ணை இட்டதும் அணையின் வயிறு முழுவதும் ஒரே நிறம் பெற்றுவிடுகிறது. பார்ப்பவருக்கு ஊகமும் அளவீடும் ஒன்றே. நீர்மட்டம் 142 அடியா என்பதற்கு இரு மாநிலங்களும் 2014 வரை உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய அணையில், அந்த நிறத்தை எவரும் தமக்குச் சான்றாகக் காட்டலாம்.

ஆகவே ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பண்பைக் கூட்டியுள்ளேன்: அளந்தது, வரைபடத்திலிருந்து எடுத்தது, ஊகித்தது. விளைவு ஒட்டுப்போட்ட துணிபோலத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே நேர்மை என்பேன்.

அடுத்த கேள்வி, மாதிரி யார் பொறுப்பில் இருப்பது என்பது. ஐஎஸ்ஓ 19650 நெறிமுறை, பணியை ஒப்படைக்கும் தரப்பு ஒன்று உண்டு என்று கொண்டே தொடங்குகிறது. இங்கோ நிலம் ஒருவரது, இயக்கம் மற்றவரது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய அணைகளைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. மூல மாதிரி அங்கே இருக்கட்டும். இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே கோப்பைத் திறக்கட்டும்.