படத்துக்குக் கீழே ஒரு வரி

பெங்களூர் அல்சூர் ஏரியில் பிள்ளையார் கரைக்கிற நாட்களில், கழுத்தில் கேமராவோடு ஓடுகிற பத்திரிகைப் பிள்ளைகளைப் பார்த்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. கண்மூடித் திறப்பதற்குள் பத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். 1978இல் இதே கரையில் நான் நின்றபோது என்னிடம் இருந்தது இரவல் வாங்கிய யாஷிகா. ஒரு ரோலுக்கு 12 படம்தான்.

அந்தக் கேமராவைக் கண்ணோடு வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஓடுகிறவன் ஒரு பக்கம் போக, பழகாத கை கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பும். முதல் இரண்டு மாதம் நான் எடுத்ததெல்லாம் வெறும் சுவர்களும் பாதி உடம்புகளும்தான். எங்கள் சீஃப் போட்டோகிராஃபர் ஒருநாளும் திட்டியதில்லை. டார்க் ரூமின் சிவப்பு வெளிச்சத்தில் ஈரப் பிரின்டைத் தூக்கிப் பிடித்து, "இதுல யாருப்பா இருக்கா?" என்று கேட்பார். படத்தில் ஆள் விழவில்லை என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மைசூர்க்காரரான டி.எஸ். சத்யன்தான் அன்று எங்களுக்கெல்லாம் ஆதர்சம். சாதாரண ஜனங்களின் அன்றாடத்தைப் படமாக்கியவர். 1977இல் பத்மஸ்ரீ வாங்கியிருந்தார். அவரைப்போல ஒரு குழந்தைப் படமாவது எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அந்த வருடம் அது அமைந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு சிறுவன், எட்டு வயது இருக்கும், கையளவு களிமண் பிள்ளையாரை விட மனமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. 11 படம் தீர்ந்திருந்தது. மூச்சை அடக்கி, கடைசிப் படத்தை அழுத்தினேன். ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில், கரையில் நின்ற ஒருவரிடம் பையனின் பெயரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மறுநாள் படம் நல்ல பெரிதாக வந்தது. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

நான்காம் நாள் ஒருவர் ஆபீசுக்கு வந்து, பெயர் தப்பு என்றார். சீஃப் என்னை அந்த வீட்டுக்கே போகச் சொன்னார்.

சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தார் பையனின் அம்மா. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. எம் புள்ள படம் வந்திருக்குன்னு தெருவெல்லாம் காட்டினேன். படிக்கத் தெரிஞ்சவங்க கீழ இருக்கிற பேரைப் பார்த்துட்டு, இது உன் புள்ள இல்லம்மாங்கறாங்க."

அந்தக் காபி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சீஃப் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. பையனைக் கூப்பிட்டு, அவன் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து எழுதிக்கொண்டேன். மறுநாள் உள்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில் திருத்தம் வந்தது.

அதிலிருந்து சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. யாரை எடுத்தாலும் கேமராவை இறக்கிவிட்டு, அவரிடமே பெயரைக் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டுவேன். இதனால் பலமுறை ஆபீசுக்குப் பிந்தியிருக்கிறேன். 18 வருடம் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை, ஏரிக்கு அருகே 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டபோதும் அப்படித்தான். கருணாநிதியையும் எடியூரப்பாவையும் எடுக்க நிறையப் பேர் இருந்தார்கள். நான் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை எடுத்தேன். காது கேட்காத அவரிடம் பெயரை வாங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் வருந்தியதே இல்லை.

பூக்காரம்மா இப்போது இல்லை. அந்தப் பையனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதே சந்தில்தான் இருக்கிறார். போன தீபாவளிக்குப் போயிருந்தேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில், பழுப்பேறிய அந்தப் பத்திரிகைப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. தப்பான பெயர் தெரியாதபடி, அதன்மேல் அந்த இரண்டு விரல் அகலத் திருத்தத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.