எட்டு அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா?

பேரப்பிள்ளைகள் இப்போது எங்களைப் போன்றவர்களை 'பூமர்' என்கிறார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் 'பூமர்' என்று சொல்வது ஒலிபெருக்கிப் பெட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஸ்பீக்கரை. நாம் ஊஃபர் என்கிறோமே, அதை. இங்கிலீஷ்காரன் நாய் குரைப்பதை வைத்து ஊஃபர் என்றான், குருவி கீச்சிடுவதை வைத்து ட்வீட்டர் என்றான். பிரெஞ்சில் தாழ்ந்த ஒலிக்கு கிராவ், நடு ஒலிக்கு மேதியோம், உச்ச ஒலிக்கு எகு. பள்ளியில் எங்களுக்கு கிராவும் எகுவும் எழுத்தின் தலையில் போடும் சாய்கோடுகள். மாற்றிப் போட்டால் விரல் முட்டியில் ஸ்கேல் இறங்கும். நம் தமிழில் சிலப்பதிகாரக் காலத்திலேயே மெலிவு, சமன், வலிவு என்று மூன்றையும் பிரித்துவிட்டார்கள். ஆக மூன்று வழி ஸ்பீக்கர் பெட்டி என்பது நமக்கு ஒன்றும் புதிய சங்கதி அல்ல.

இந்தக் கட்டுரை அந்த மூன்றில் அடியில் இருப்பவரைப் பற்றியது. நல்ல ஊஃபர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. எழுபத்து நான்கு வயதில் இது என்ன வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் மனைவியின் காது.

அவள் பவானிக்காரி. ஜமுக்காளத் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு நடுவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள், எந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தையும் தடங்கல் இல்லாமல் சொல்லுவாள். நான் ஓய்வு பெற்று இந்த ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு மணி நேரம் பாட்டு என்பது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மெல்ல மெல்ல அந்த நேரத்தில் சமையலறையிலேயே தங்க ஆரம்பித்தாள். பிள்ளை டி.வி.க்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்தான். தரை அதிர்ந்தது. அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "சத்தம் வருதுங்க, வார்த்தை வரலீங்க."

காது டாக்டரிடம் போனோம். அவர் ஒரு வரைபடம் கொடுத்தார். இடது பக்கம் மேட்டில் இருந்த கோடு, வலது பக்கம் போகப் போகச் சரிந்து பள்ளத்தில் இறங்கியது. வயதானால் பெரும்பாலோருக்கு இப்படித்தான். தாழ்ந்த ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்கும். 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவைதான் முதலில் போகும். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 'பாட்டு' என்பதும் 'காட்டு' என்பதும் அவளுக்கு ஒன்றாகிவிடும். காதுக் கருவி வாங்கினோம், பேச்சுக்குப் போட்டுக்கொள்கிறாள். பாட்டுக்கு அது ஒத்துவரவில்லை, தகரத்தில் தட்டுவது போல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பலமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும். உச்ச ஒலி தாழ்ந்ததை அவ்வளவு மறைக்காது. இது காதின் அமைப்பு. ஆகவே ஹோம் தியேட்டரில் பாஸ் கூடக் கூட, மிச்சமிருந்த நாலு வார்த்தையும் அதில் மூழ்கிவிட்டது. எனக்கு வேண்டியது பாஸ் இல்லாத பெட்டி அல்ல. மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்காவிட்டால் அது என்ன கச்சேரி? தொப்பி ஒலிக்க வேண்டும், ஒலித்த உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதனால்தான் மூன்று வழி. குரலில் 400 ஹெர்ட்ஸிலிருந்து 3500 வரை உள்ளதை ஒரு தனி நடு ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும், ஊஃபர் அந்தப் பக்கம் தலையிடாது. நடு ஸ்பீக்கரும் ட்வீட்டரும் ஒரே வாரத்தில் அமைந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஊஃபருக்காக ஈரோடு போனேன், பிறகு சென்னை ரிச்சி தெருவுக்கும் போனேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" ஈரோட்டுக் கடைப் பையன் பன்னிரண்டு அங்குலத்தைத் தூக்கி வைத்து, "இதை எடுத்துக்கங்க சார், பஸ்ஸுக்கெல்லாம் இதுதான் மாட்டறாங்க" என்றான். ஈரோடு-கோவை தனியார் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், வயிற்றுக்குள் போய் இடிக்கும். வாட் என்பது அந்த ஊஃபர் கருகாமல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு மட்டுமே. எப்படிப் பாடும் என்று அது சொல்லாது. பந்தலுக்குச் செய்த ஊஃபர் வேறு, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குச் செய்த ஊஃபர் வேறு.

பார்க்க வேண்டியவை மூன்று எண்கள். தயாரிப்பவர் ஒழுங்கானவராக இருந்தால் தாளில் அச்சிட்டுத் தருவார். முதலாவது எஃப்.எஸ்.: ஊஃபரின் கூம்பு, தானாக ஆட விரும்பும் வேகம். இரண்டாவது க்யூ.டி.எஸ்.: ஆட ஆரம்பித்த கூம்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது. எண் சிறியதாக இருந்தால் கட்டுப்பாடு அதிகம். மூன்றாவது வி.ஏ.எஸ்.: கூம்பைத் தாங்கும் ஸ்பிரிங்கின் இளக்கத்தைக் காற்றின் அளவில், லிட்டரில் சொல்வது. இந்தக் கணக்கை முறைப்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1961-ல். அதை விரித்துக் கட்டுரைகளாக எழுதியவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால், 1970-களின் தொடக்கத்தில். அதற்கு முன்னால் எல்லாம் பெட்டி செய்து பார், கேட்டுப் பார், உடை, மறுபடி செய் என்பதுதான்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுங்கள், ஒன்று கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண்ணால் எஃப்.எஸ்.ஸையும் க்யூவையும் பெருக்கினால், பெட்டிக்குள் போன பிறகு அந்த ஊஃபரின் குணம் தெரிந்துவிடும். க்யூ 0.7 பக்கம் வந்தால் நேர்மையான பாஸ். 1-ஐத் தாண்டினால் தொம் தொம் என்று இழுக்கும். முப்பத்தைந்து வருஷம் சம்பளப் பட்டியல் கூட்டியவனுக்கு இது ஒரு கணக்கா!

கடைசியில் என் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. பன்னிரண்டு அங்குலம்: எஃப்.எஸ். 28, க்யூ 0.60, வி.ஏ.எஸ். 180 லிட்டர். எட்டு அங்குலம்: எஃப்.எஸ். 32, க்யூ 0.40, வி.ஏ.எஸ். 50 லிட்டர். பன்னிரண்டை 50 லிட்டர் பெட்டியில் போட்டால் க்யூ 1.29, அதிர்வு 60 ஹெர்ட்ஸில், அந்த இடத்தில் ஏறக்குறைய 3 டெசிபல் வீக்கம். அதையே 0.7-க்குக் கொண்டுவர 460 லிட்டர் பெட்டி வேண்டும். டீசல் டிரம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலும் போதாது. எட்டு அங்குலமோ 23 லிட்டரிலேயே 0.71-க்கு வந்துவிட்டது, அதிர்வு 57 ஹெர்ட்ஸில், வீக்கமே இல்லை.

எட்டு அங்குலம் போதுமா என்று என் மைத்துனர் சந்தேகப்பட்டார். அவர் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் குழாய் கட்டியவர், சத்தம் என்றால் ஊர் கேட்க வேண்டும் அவருக்கு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மந்தரத் தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 65 முறை அதிர்கிறது. எங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே தொடங்கி மேலே இருக்கிறது. பாஸ் கிடாரின் அடி நரம்பு 41. அது கொஞ்சம் மெலிந்து கேட்கும், பாதகமில்லை. இடி முழக்கம் கேட்க ஐப்பசியில் மொட்டை மாடிக்குப் போய்க்கொள்ளலாம்.

அறையும் கணக்கில் வரும். பன்னிரண்டு அடி நீளமுள்ள கான்கிரீட் அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம் தானே முனகும், பத்து அடி அகலத்துக்கு 56. சுவரே அங்கே கூட்டிக் கொடுக்கும்போது, 60-ல் வீங்கும் ஊஃபரையும் வைத்தால் என்ன ஆகும்? தரையில் ஜமுக்காளம் விரித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஜமுக்காளம் உச்ச ஒலியைத்தான் உறிஞ்சும். தாழ்ந்த ஒலி அதைப் பொருட்படுத்தவே படுத்தாது.

தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. கடையில் ஒரு சோதனை செய்யலாம், செலவில்லை. ஊஃபரின் இரண்டு முனைகளையும் சும்மா விட்டு, கூம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். 'தொம்' என்று வரும். பிறகு இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். காந்தம் பலமானதாக இருந்தால் 'டப்' என்று செத்த ஒலி வரும். கூம்பு அசையும்போது சுருளில் மின்சாரம் உண்டாகி, அதுவே அசைவை எதிர்க்கிறது. காரின் ஷாக் அப்சார்பர் மாதிரி. இரண்டு தட்டலுக்கும் வித்தியாசமே தெரியாத ஊஃபரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் தட்டுவதைப் பார்த்த பையன், "என்ன சார், தர்பூசணி வாங்கற மாதிரி தட்டறீங்க" என்றான். அடுத்த நிமிஷம் அவனும் குனிந்து தட்டிக்கொண்டிருந்தான்.

விளிம்பையும் பாருங்கள். ஸ்பாஞ்ச் விளிம்பு நம் வெயிலில் சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். துணி விளிம்பு பந்தலுக்கு நல்லது. வீட்டுக்கு ரப்பர்தான். இன்னொன்று, ஊஃபரின் ஒலித்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்பது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சுருளும் கெபாசிட்டரும் மட்டுமே உள்ள பாசிவ் பெட்டியில், நடு ஸ்பீக்கரையும் ட்வீட்டரையும் ரெசிஸ்டர் போட்டு அடக்கலாம், ஊஃபரை ஏற்றிவிட வழியே இல்லை. ஆகவே மூன்றில் சோம்பேறி யாரோ அவர் வேகத்துக்குத்தான் மற்ற இருவரும் நடக்க வேண்டும். அலுவலகத்திலும் அப்படித்தானே இருந்தது!

மேலே சொன்ன 23 லிட்டரோடு கணக்கு முடியவில்லை. ஊஃபருக்கு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல் தடுக்க 4.5 மில்லிஹென்ரி செப்புச் சுருள் ஒன்று வேண்டும். இங்கே கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கா பஞ்சம்? பதினேழாம் நம்பர் கம்பியில் கட்டித் தந்தார்கள். ஒரு சுருளுக்கு அறுபது மீட்டருக்கு மேல் கம்பி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அத்தனை நீளக் கம்பிக்கு ஏறக்குறைய 0.7 ஓம் தடை இருக்கிறது. ஊஃபரின் சுருள் தடையோ 6 ஓம்தான். குறுக்கே வந்த இந்தத் தடை ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் தளர்த்திவிடும், 0.40 என்ற க்யூ 0.44 ஆகும். மறுபடி கணக்குப் போட்டால் பெட்டி 32 லிட்டர், அதிர்வு 51 ஹெர்ட்ஸ். ஒல்லியான கம்பியில் மலிவாகக் கட்டியிருந்தால் இன்னும் மோசம். வீட்டில் பெட்டி செய்கிறவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு ஊஃபரைத் திட்டுகிறார்கள்.

ஆசாரி பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு பெட்டிகள் செய்தார். நடு ஸ்பீக்கருக்கு உள்ளேயே தனி அறை, ஊஃபரின் காற்று அங்கே போகாதபடி. தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினேன். மூட்டுகளில் ஊதுபத்தியைக் காட்டிப் புகை ஆடுகிறதா என்று பார்த்தேன், ஆடவில்லை.

முதல் நாள் சாயங்காலம் மைத்துனரும் வந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாஸே காணோமே மாப்பிள்ளை" என்றார். தவில் வந்ததும் பேசாமல் இருந்தார். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்றாள். அடுத்த பாட்டு தொடங்கும்போது உட்கார்ந்தாள். "ஏனுங்க, இவ்வளவு சத்தம் எதுக்கு, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் சத்தத்தைக் கூட்டச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எல்லா வார்த்தையும் கேட்கிறதா என்றால், இல்லை. பாதிக்கு மேல் கேட்கிறது என்கிறாள். மீதியை ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்கிறாளாம்.

முன்பக்கம் மூட, பச்சையும் சிவப்பும் கோடு போட்ட ஜமுக்காளத் துண்டு ஒன்றைப் பிறந்த வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். அது அடர்த்தி, ட்வீட்டரின் ஒலியைத் தின்றுவிடும் என்றேன். பழைய மல் வேட்டியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம், வெளிச்சம் நன்றாக வந்தது. அதைத்தான் ஒட்டியிருக்கிறோம். ஜமுக்காளம் பெட்டியின் தலையில் விரித்துக் கிடக்கிறது, அங்கே இருந்தால் ஒலிக்கு ஒன்றும் செய்யாது.