தலதா வீதியில் ஒரு பப்

2018 ஜனவரி 11, வியாழன்

காலைப் பத்திரிகையை டீச்சர் இரண்டு தரம் வாசித்தார். தவறணையில் பெண்ணுக்கு மதுவை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் நீக்கியிருக்கிறார். டீச்சர் குடிப்பவர் அல்ல. ஆனால் இத்தனை வருஷம் கண்டியில் படிப்பித்தவர், தலதா வீதியால் நித்தம் நடந்து போனவர், அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் அதற்குக் கட்டுப்பட்டு வந்திருக்கிறார். அதுதான் மனசை அரித்தது. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துத் திகதி போட்டார்.

ஜனவரி 13, சனி

கூடப் படிப்பித்த சிங்களத் தோழியோடு குவீன்ஸ் ஹோட்டலின் ‘பப் ரோயல்’ வாசலில் ஏறினார். எதிரே தலதா மாளிகை, பக்கத்தில் வாவி. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். 1867இல் கொழும்பிலிருந்து ரயில் வந்தபோது கண்டி கோப்பித் தோட்டக்காரர்களின் ஊர். அடுத்த இரண்டு வருஷத்தில் இலைநோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கியது. பிறகு மலையெல்லாம் தேயிலை. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிப் பக்கம் கொண்டுவந்தபோது ஊர் முழுக்கச் சீருடை. யார் யாரோ வந்து உட்கார்ந்த ஊரில், உள்ளூர்ப் பெண் ஒருத்தி இப்படி ஓர் இடத்தில் கால் வைக்க ஒரு வர்த்தமானியின் தைரியம் வேண்டியிருந்தது.

“உள்ளுக்கு வாங்க மிஸ்,” என்றார் வயதான பரிமாறுநர். மலையகத் தமிழ். “வெள்ளைக்காரப் பொம்பளைங்க எப்பவும் வர்றதுதான். நம்ம ஆளுங்கதான் வர மாட்டாங்க.”

தோழி லயன் ஸ்டவுட் கேட்டார், டீச்சர் லைம் ஜூஸ். கரிய பியரின் மேல் நுரை கோப்பி நிறத்தில் திரண்டு நின்றது. ஒவ்வொரு மிடறுக்கும் கிளாஸின் உட்புறம் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டது. தோழி லண்டன் கதை சொன்னார். ஹோபர்னில் ‘பிரின்சஸ் லூயிஸ்’ என்றொரு பப். 1891இல் செய்த மரவேலையும் பூ வெட்டிய கண்ணாடியும் அதன் பெருமை. நடுவில் ஒரே கவுண்டர், சுற்றிவரத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். அந்தக் காலத்துப் பப்களில் கூலிக்காரருக்கு ஒரு வாசல், கனவான்களுக்கு வேறு வாசல். புளூம்ஸ்பெரியில் ‘தி லாம்ப்’ என்ற பப்பில் முகத்துக்கு நேரே சுழலும் கண்ணாடிப் பலகைகள் இன்னும் இருக்கின்றன. ஊற்றித் தருகிறவன்கூட முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம்.

டீச்சருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா ஹந்தானைப் பக்கத் தோட்டத்தில் கிளாக்கர். துரைமார் கிளப்புக்குள் அவர் போக முடியாது. தொழிலாளர் போகும் கள்ளுத் தவறணைக்குப் போனால் மரியாதை போய்விடும். சம்பள நாளில் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவார். லண்டன்காரன் ஒரே அறைக்குள் வைத்த தடுப்புகளை இங்கே மலைமலையாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அதில் எந்த அறையும் இல்லை.

ஜனவரி 14

தைப்பொங்கல். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த வர்த்தமானியை ரத்துச் செய்யச் சொல்லிவிட்டார். பால் பொங்கி வழிந்ததை டீச்சர் கவனிக்கவே இல்லை.

ஜனவரி 31

போயா. நாடு முழுக்க மது விற்பனைக்குத் தடை. இந்தத் தடை எல்லாருக்கும் பொது என்பதில் டீச்சருக்கு ஒரு திருப்தி. ராத்திரி சந்திர கிரகணம்.

பெப்ரவரி 17, சனி

பெண்கள் சிலர் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டிருக்கிறார்கள். நல்லது. அவர்கள் கேட்பது சாராயம் அல்ல, சமத்துவம். கசிப்பும் சாராயமும் லயத்துக் குடும்பங்களைச் சீரழித்ததை டீச்சர் வகுப்பறையில் கண்ணால் கண்டவர். வெள்ளிக்கிழமை அடி வாங்கிய பிள்ளை திங்கட்கிழமை எப்படி உட்காரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேட்டுக்குப் பெண்ணைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எப்படி மருந்தாகும்? அடி விழுவது வீட்டுக்குள்ளே.

ஸ்டவுட்டின் கதையையும் தேடிப் படித்தார். நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849இல் பியர் வடிக்கத் தொடங்கினார். லயன் கம்பெனியின் வேர் அங்கே போகிறது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர், பாடகர் அல்ல, பியரைப் பற்றியே எழுதி வாழ்ந்தவர், கண்டியில் யூ.கே.டி. சில்வா என்ற கடையில் இந்த ஸ்டவுட்டை மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்துக் கொடுத்ததை வியந்து எழுதினார். விக்டோரியா காலத்து லண்டன் வழக்கம், புத்தரின் பல்லுக்குக் கோவில் கட்டிய ஊரில்! இதைத் தன் பிள்ளைகளுக்கு ஒரு சரித்திரப் பாடமாகவே சொல்லியிருக்கலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது.

மார்ச் 5, திங்கள்

திகனவில் முஸ்லிம்களின் கடைகள் எரிகின்றன. கண்டி மாவட்டத்துக்கு ஊரடங்குச் சட்டம்.

மார்ச் 7

நேற்று அவசரகால நிலை பிரகடனம். இன்று பேஸ்புக், வாட்ஸ்அப் எதுவும் வேலை செய்யவில்லை. திகனவில் பான்சிக் கடை வைத்திருக்கும் பழைய மாணவிக்கு டீச்சர் போன் அடித்துக்கொண்டே இருந்தார். மணி போகிறது, எடுக்க ஆள் இல்லை.

மார்ச் 8

எடுத்தாள். “உயிரோட இருக்கோம் டீச்சர்.”

மார்ச் 24, சனி

டீச்சர் இம்முறை தனியாகவே பப்புக்குப் போனார். வெளிநாட்டுக்காரர் ஒரு மேசையில். மற்றவை காலி. பரிமாறுநர் குரலைத் தாழ்த்தி, சமையல் பக்கம் வேலை செய்த முஸ்லிம் பையன் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்றார். யாரும் அவனை வர வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

“எங்களயும் யாரும் வர வேணாம்னு சொன்னதில்லயே,” என்றார் டீச்சர்.

பரிமாறுநர் ஒன்றும் பேசாமல் மேசையைத் துடைத்தார். வெளியே வந்து டீச்சர் மாணவிக்குப் போன் எடுத்தார். கடைக்கு இன்னும் கண்ணாடி போடவில்லையாம், நட்ட ஈட்டுப் படிவம் சிங்களத்தில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து நிரப்பித் தருவதாக டீச்சர் சொன்னார். தோழியையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பதில் இல்லை. உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.