பாக்லார் தெருவில் ஒரு குர்தியக் கல்யாணம்

பந்தலும் மண்டபமும் கிடையாது. தெருவின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வேனைக் குறுக்கே நிறுத்தினார்கள். லாரியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி வட்டமாகப் போட்டார்கள். இந்தப் பால்கனிக்கும் எதிர் பால்கனிக்கும் இடையே சரவிளக்கு ஏறியது. கல்யாணத்துக்கு இடம் தயார். துருக்கியின் தென்கிழக்கில், குர்தியர்கள் ஆமெத் என்று அழைக்கும் தியார்பகிர் நகரத்தின் பாக்லார் பகுதி இது. ஜூலை மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவதால் எல்லாமே பொழுது சாய்ந்த பிறகுதான்.

ஜெர்மனியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் தம்பிதான் மாப்பிள்ளை. இந்தத் தெருவில் பாதிப் பேர் அவர்களுடைய பழைய கிராமத்துக்காரர்கள். 1990-களில் அரசுப் படைகளுக்கும் குர்திய ஆயுதக் குழுவுக்கும் நடந்த சண்டையில் துருக்கியின் தென்கிழக்கில் ஆயிரக்கணக்கான கிராமங்களும் குக்கிராமங்களும் காலி செய்யப்பட்டன. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் பாக்லார் போன்ற இடங்களில் குடியேறினார்கள். “அப்போதெல்லாம் களத்துமேட்டில் மூன்று நாள் நடக்கும். வெளியூர் விருந்தாளிகளை வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொள்வோம்” என்றார் நண்பரின் பெரியப்பா. களத்துமேடு போய்விட்டது, அதனால் தெருவை மறிக்கிறார்கள். மூன்று நாள் சுருங்கி இரண்டு மாலைகளாகிவிட்டது.

முதல் மாலை பெண் வீட்டில் மருதாணி. அது பெண்களின் ராஜ்ஜியம். நண்பரின் அம்மா தயவில் எனக்கு வாசற்படி ஓரம் ஒரு முக்காலி கிடைத்தது. விளக்கை அணைத்தார்கள். செப்புத் தட்டில் குழைத்த மருதாணி, அதில் செருகிய மெழுகுவர்த்திகள். முகத்தை மூடிய சிவப்புத் துணியோடு மணப்பெண் நடுவில் உட்கார, மற்றவர்கள் தட்டை ஏந்தி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பாடினார்கள். பிறந்த வீட்டைப் பிரிவது பற்றிய பாட்டு. பெண் அழும்வரை விடமாட்டார்கள். இந்தப் பெண்ணோ துணிக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்குவது எனக்கே தெரிந்தது. கடைசியில் அவளுடைய அம்மா விசும்பத் தொடங்கியதும் இவளும் உடைந்தாள்.

அடுத்தது உள்ளங்கையில் மருதாணி வைக்க வேண்டும். பெண் கையை இறுக மூடிக்கொண்டாள். மாமியார் ஒரு பொற்காசைக் காட்டினார், விரல் அசையவில்லை. கூடியிருந்தவர்கள் “திறக்க மாட்டேன் என்கிறாளே!” என்று கூவினார்கள். இன்னும் கொஞ்சம் பெரிய காசு வந்தது. ஒரு விரல் மட்டும் விலகியது. மூன்றாவது முறை மாமியார் இடுப்பில் கைவைத்து முறைத்ததும்தான் கை விரிந்தது. காசை நடுவில் வைத்து, அதன்மேல் மருதாணியை அப்பி, சிவப்புச் சாட்டின் பையால் கையைக் கட்டினார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். குர்திய மொழியில் இதற்குத் திலிலி என்று பெயர்.

இந்த விளையாட்டுப் பேரத்துக்குப் பின்னால் விளையாட்டில்லாத ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனுக்குக் கொடுக்கும் ‘கெலென்’ என்ற பரிசத்தொகை. நகரத்துப் படித்த குடும்பங்களில் அது மங்கி, பெண்ணுக்கே நகையாகப் போடுவது பெருகியிருக்கிறது. அதைவிடக் கடுமையானது ‘பெர்தெல்’: உன் பெண்ணை என் மகனுக்குக் கொடு, என் பெண்ணை உன் மகனுக்குத் தருகிறேன் என்ற கணக்கு. பரிசச் செலவு மிச்சம். ஆனால் ஒரு ஜோடி பிரிந்தால் இன்னொரு ஜோடிக்கும் நெருக்கடி. பெரியப்பாவின் தலைமுறையில் இது சகஜமாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பெண்ணழைப்பு. ஹாரன் அடித்தபடி கார் வரிசை, முன்னால் தேஹோல் என்ற பெருமேளமும் சுர்னா என்ற குழலும். இவற்றை வாசிப்பவர்கள் இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் தோம் சமூகத்தினர். கல்யாணம் அவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் அவர்கள் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். இந்த அநியாயத்தை எந்தத் தேசத்துக்குப் போனாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்ணின் அண்ணன் கதவை அடைத்து நின்று பணம் வாங்கிய பிறகே வழிவிட்டான். பிறகு சிவப்பு நாடாவை அவள் இடுப்பில் இரண்டு முறை சுற்றிச் சுற்றி எடுத்து, மூன்றாவது முறை கட்டினான். கன்னிமையின் அடையாளம் என்று விளக்கினார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை. மணப்பெண்ணுக்கும் ரசித்த மாதிரித் தெரியவில்லை. காரில் ஏறியதும் முடிச்சைத் தளர்த்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு மண்குடத்தைப் போட்டு உடைத்தார்கள், சிதறியதில் மிட்டாயும் சில்லறையும். பிள்ளைகள் பாய்ந்தார்கள்.

இருட்டியது. கோவெந்த் என்ற ஆட்டம் தொடங்கியது.

நம் ஊரில் கல்யாணம் என்றால் எல்லா நாற்காலியும் மேடையைப் பார்த்திருக்கும். இங்கே மணமக்களைப் பார்த்து யாரும் உட்காரவில்லை. கவனமெல்லாம் கைகோத்த அந்த வரிசைமேல்தான். முதலில் பத்துப் பேர், பாட்டு மாறுவதற்குள் நாற்பது, பிறகு தெரு கொள்ளாமல் வரிசை வளைந்து தன் வாலையே தொட்டது. ஆணும் பெண்ணும் கலந்து நின்றார்கள். சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து, தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் பக்கத்து ஆள் இழுத்துச் சேர்த்துவிடுவார். வலது முனையில் கைக்குட்டையைச் சுழற்றுபவர்தான் தலைவர். அவர் முழங்கால் மடிந்தால் வரிசை முழுக்க மடியும். முதலில் நிதானமான கிரானி. வயதானவர்கள் ஆடுவதும் அதில்தான். அப்புறம் தெலிலோ. கடைசியில் ஷெம்மாமே. அதற்குத் துள்ளத் தெரிய வேண்டும்.

என்னையும் இழுத்துப் போட்டார்கள். எனக்கு இடப்பக்கம் பூப்போட்ட வெள்ளை முக்காட்டில் ஒரு பாட்டி, வலப்பக்கம் அங்கியும் தொப்பியும் அணிந்த ஒரு பையன். அவனுக்கு அடுத்த வாரம் சுன்னத். அந்தச் சடங்கில் பையனைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர் ‘கிரீவ்’. அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் உறவு, ரத்த உறவுக்குச் சமம். அதனாலேயே பல இடங்களில் அந்தக் குடும்பங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. யசீதி மதத்தினர் முஸ்லிம் அண்டை வீட்டாரையே கிரீவாக ஏற்பதும் உண்டு. பாட்டிக்கு இந்த விளக்கமெல்லாம் பொறுக்கவில்லை. என் கால் தப்பும்போதெல்லாம் தன் முழங்காலால் என் முழங்காலை இடித்துத் திருத்தினார்.

பாட்டுகள் எல்லாம் குர்திய மொழியில். அதைச் சாதாரணமாக எழுதிவிட முடியாது. 1983-ல் வந்த 2932-ஆம் எண் சட்டம் இந்த மொழியில் கருத்துகளை வெளியிடுவதையே தடை செய்தது. 1991-ல்தான் அது நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சோவியத் ஆர்மீனியாவின் யெரெவான் வானொலியும் கைமாறிய கேசட்டுகளும்தான் பாட்டைக் காப்பாற்றின. எலக்ட்ரிக் சாஸ் என்ற தந்திக் கருவி வைத்திருந்த பாடகர் ஆராம் திக்ரானின் பாட்டை எடுத்ததும் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆராம் ஆர்மீனியர், வாழ்நாள் முழுக்கக் குர்திய மொழியில் பாடியவர். 2009-ல் இறந்தபோது தியார்பகிரில் அடக்கம் செய்ய வேண்டும் என்ற அவருடைய ஆசையை அரசு அனுமதிக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் புதைத்தார்கள்.

சட்டம் போய்விட்டாலும் பயம் போகவில்லை. 2024 கோடையில் மெர்சின் முதலான ஊர்களில் கல்யாணத்தில் பாடிய பாட்டுக்கும் ஆடிய ஆட்டத்துக்கும் பலரைப் பிடித்துப் போனார்கள். பயங்கரவாதப் பிரசாரம் என்று குற்றச்சாட்டு. ஆதாரம், விருந்தினர் எடுத்துப் போட்ட கைப்பேசி வீடியோ. பாக்லாரில் ஒரு இளைஞர் கூட்டம் ஏதோ பாட்டைக் கேட்டுக் கத்தியது. பாடகர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வேறு பாட்டுக்குத் தாவினார். நண்பர் என் கைப்பேசியைப் பார்த்தார். நானாகவே பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு ஆட்டம் நின்றது. மூன்று தெரு தள்ளி ஒரு சாவு வீடு. அங்கே போய் அனுமதி கேட்ட பிறகே மேளம் வைத்தார்களாம். அவர்கள் கொடுத்த நேரம் இவ்வளவுதான். ஆகவே ஷெம்மாமே பாதியில் போயிற்று, அடுத்தது தங்கம்.

மொய் எழுதும் இடம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒலிபெருக்கியில். மணமக்கள் கழுத்தில் சிவப்புப் பட்டை தொங்க நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து குத்த, மைக்காரர் கூவினார்: “மாப்பிள்ளையின் தாய்மாமன், ஒரு வளையல்!” “கொலோனிலிருந்து வந்த சித்தப்பா, ஐந்நூறு யூரோ!” அதிகம் வந்தது ‘செய்ரெக்’ எனும் கால் காசு: 22 காரட், சுமார் 1.75 கிராம். மேசையில் நண்பரின் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். செய்தவர் வீட்டுக் கல்யாணத்தில் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். புதுக் குடித்தனத்துக்கு வட்டியில்லாக் கடன் இது, வங்கியில் கிடைக்காது.

நானும் ஒரு கால் காசைக் குத்தினேன். “இந்தியாவிலிருந்து அண்ணன், ஒரு செய்ரெக்!” குலவை எழுந்தது. அக்கா பேனாவை நிறுத்தி நண்பரிடம் ஏதோ கேட்டார்.

“உனக்குப் பிள்ளைகள் எத்தனை, கல்யாண வயது எப்போது என்று கேட்கிறாள்” என்றார் நண்பர். “தேதி போட்டு எழுத வேண்டுமாம்.”