குழாயைச் சுழற்றுகிறவர்கள்

பத்து வருடங்களாக டகோமாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட இறங்கியதில்லை. சியாட்டிலில் வேலை பார்க்கிற என்னைப் போன்ற பலருக்கு அது அப்படிப்பட்ட ஊர்தான். தெற்கே போர்ட்லண்டுக்குக் கார் ஓட்டும்போது பெரிய மரக் குவிமாடம் ஒன்று கண்ணில் படும், போக்குவரத்து நெரியும், "டகோமா வந்தாச்சு" என்று யாராவது சொல்லிக் கார்க் கண்ணாடியை ஏற்றுவார்கள். துறைமுகத்துப் பக்கம் இருந்த காகித ஆலையின் கந்தக வாடைக்கு 'அரோமா ஆஃப் டகோமா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2023இல் ஆலையை மூடிவிட்டார்கள். வாடை போனது, கிண்டல் போகவில்லை.

என்னை அங்கே இறங்க வைத்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம். நண்பர் வீட்டில் பேச்சுவாக்கில் அதைக் கவிழ்த்துத் தடவினேன். அடியில், நடுவில், ஒரு சின்ன வடு. "அது அதோட தொப்புள்" என்றார் நண்பர். ஊதிய பிறகு கிண்ணத்தைத் தாங்கிய இரும்புக் கம்பியிலிருந்து அதை உடைத்தெடுத்த இடமாம். மனிதக் கை பட்ட தடயம் அதுதான் என்பதால் அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டகோமாவில் சுமார் 2 லட்சத்து 19 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மூன்றாவது பெரிய ஊர். நகர மையத்தின் முதுகெலும்பு பசிபிக் அவென்யூ. ஒருபக்கம் செங்கல் கிடங்குகள் மேட்டில் ஏறுகின்றன. மறுபக்கம் நிலம் சரிந்து ரயில் பாதைக்கும் நீர்வழிக்கும் இறங்குகிறது. 1873இல் நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் தன் கடைசி நிலையத்துக்கு சியாட்டிலை விட்டுவிட்டு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. கிடங்குகள் எல்லாம் அந்தத் தேர்வால் முளைத்தவை. சரக்குப் போனபிறகு பல காலம் பாழாய்க் கிடந்தவற்றுக்குள் 1997இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகம் குடிபுகுந்தது. சுவர்களில் பழைய வியாபாரிகளின் பெயர்கள் மங்கிய எழுத்தில் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே மாணவர்கள் காபி குடிக்கிறார்கள்.

ரயில் பாதை போட்ட கூலிகளில் சீனர்கள் நிறையப் பேர். 1885 நவம்பர் 3ஆம் தேதி, மேயரும் உடன் நிற்க, ஒரு கும்பல் வீடு வீடாகப் போய் ஊரில் மிச்சமிருந்த சீனர்களை மழையில் நடக்க வைத்து வெளியேற்றியது. பிறகு அவர்கள் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தார்கள். பசிபிக் அவென்யூவில் நான் போன அன்று காலையும் தூறிக்கொண்டுதான் இருந்தது. சுவரில் மங்கிய வியாபாரிகளின் பெயர்களை மறுபடி அண்ணாந்து பார்த்தேன்.

யூனியன் ஸ்டேஷன் 1911இல் திறந்த ரயில் நிலையம். இப்போது மத்திய அரசின் நீதிமன்றம். வாசலில் அடையாள அட்டை கேட்டு, பையைத் துழாவிவிட்டுத்தான் விடுகிறார்கள். உள்ளே செப்புக் குவிமாடத்துக்குக் கீழே நீலமும் ஆரஞ்சுமாகக் கண்ணாடிச் சிற்பங்கள் தொங்குகின்றன, எல்லாம் டேல் சிஹூலியுடையவை. இந்த ஊரிலேயே 1941இல் பிறந்தவர். அமெரிக்காவில் கண்ணாடிக் கலை என்றாலே பலருக்கு அவர் பெயர்தான் வாயில் வரும்.

நிலையத்தின் பின்புறம் நெடுஞ்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் மேலாக 500 அடி நீளத்தில் ஒரு நடைபாலம். அதுவும் சிஹூலியின் பெயரில்தான்: 'பிரிட்ஜ் ஆஃப் கிளாஸ்'. தலைக்கு மேல் கண்ணாடிக் கூரையில் 2,364 துண்டுகள், கிளிஞ்சலும் கடற்பூவும் கலந்து கொட்டியதுபோல. அண்ணாந்து நடந்து கழுத்து வலித்தது. பாலத்தின் நடுவில் 40 அடி உயரத்தில் இரண்டு நீலப் படிகக் கோபுரங்கள். கண்ணாடிப் பாலத்திலேயே கண்ணில் முதலில் படுவது அவைதான். வேடிக்கை என்னவென்றால், அவை கண்ணாடியே இல்லை, ஒருவகை பிளாஸ்டிக். வெயிலும் பனியும் காற்றும் தாங்க வேண்டுமே! எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. கண்ணாடி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

பாலத்தின் மறுமுனையில் மியூசியம் ஆஃப் கிளாஸ். 2002இல் திறந்தது. கனடாக்காரரான ஆர்தர் எரிக்சனின் கட்டடம். அதன்மேல் 90 அடி உயரத்தில் துருவேறா எஃகுக் கூம்பு ஒன்று சாய்ந்து நிற்கிறது. இந்தப் பகுதியின் மர அறுவை ஆலைகளில் தூளும் சக்கையும் எரிக்க இப்படிப்பட்ட கூம்பு அடுப்புகள் இருந்தனவாம். அந்த நினைவில் எழுப்பியது. இந்தக் கூம்புக்குள்ளும் நெருப்பு இருக்கிறது. அதுதான் பட்டறை.

கதவைத் திறந்ததும் முகத்தில் அனல். சினிமாத் தியேட்டர்போல் படிப்படியான இருக்கைகள். திரை இருக்க வேண்டிய இடத்தில் உலை. உள்ளே சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் கண்ணாடிக் குழம்பு. உலையை ராத்திரியும் அணைப்பதில்லை. அன்று செய்யப்போவது ஒரு குழந்தையின் ஓவியம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வரைந்து தருவதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குழு அதைக் கண்ணாடியில் இரண்டாகச் செய்யும்: ஒன்று அருங்காட்சியகத்துக்கு, ஒன்று குழந்தைக்கு. அன்றைய ஓவியத்தில் மூன்று காலும் ஒரு தொப்பியும் வைத்த வெள்ளரிக்காய்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவர் ஐந்தடி இரும்புக் குழாயை உலைக்குள் விட்டுச் சுழற்றி, நுனியில் ஒரு உருண்டை எடுத்துவிட்டார். ஜாங்கிரி மாஸ்டர் பாகு பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? விரலில் தொட்டுப் பிரித்து, கம்பிப் பதமா என்று பார்ப்பார். இங்கே விரல் வைக்க முடியாது. கண்ணால் மட்டும்தான் பதம். வெளிர் மஞ்சளில் இருந்தால் ஓடிவிடும், கருஞ்சிவப்புக்கு இறங்கினால் அசையாது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில நொடிகளில்தான் வேலை. நொடிகள் தீர்ந்ததும் 'க்ளோரி ஹோல்' என்கிற வாய் திறந்த சூளையில் மறுபடி சூடேற்ற ஓடுகிறார்கள். ஓட்டத்திலும் குழாய் சுழல்வது நிற்கவில்லை. நின்றால் கண்ணாடி ஒருபக்கம் தொங்கிவிடும்.

'கேஃபர்' என்பவர்தான் தலைமைக் கைவினைஞர். அன்றைக்கு ஒரு பெண். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு தண்டவாளம்போல நீண்ட கைப்பிடிகள்மேல் குழாயை இடக்கையால் உருட்டுகிறார். வலது உள்ளங்கையில் தண்ணீரில் ஊறிய செய்தித்தாள் மடிப்பு. அதைக்கொண்டே எரிகிற கண்ணாடியைத் தடவி உருவம் கொடுக்கிறார். புகை எழுகிறது, கருகிய காகித வாசனை கடைசி வரிசைவரை வருகிறது. அச்சுப் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பிழைப்பு மிச்சமிருக்கிறது.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் மற்றவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருவன் குழாயின் முனையில் குந்தியிருந்து, அவர் தலையசைக்கும்போது மட்டும் ஊதினான். இன்னொரு பெண் மரப்பலகை ஒன்றை அவருடைய முழங்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிடித்தபடி நின்றாள். அனல் அவர் கையில் அடிக்காமல் தடுப்பதுதான் அவளுடைய மொத்த வேலை. பலகை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கால்கள் ஒட்டும் நேரம் வந்ததும் மூன்றாமவன் சின்ன உருண்டையோடு வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. அவர் கத்திரியை நீட்டியபோது உருண்டை அங்கே இருந்தது.

கண்ணாடி சூட்டில் தன் நிறத்தைக் காட்டாது. வெள்ளரியின் பச்சை அப்போது ஆரஞ்சாகத்தான் இருந்தது. கடைசியில் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டியதும் கம்பியிலிருந்து கழன்றது. வெள்ளிநிறக் கவச உடை போட்டவர் அதை இரு கையால் ஏந்திக்கொண்டு ஓடினார். சுமார் 480 டிகிரி சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் படிப்படியாக ஆற வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆற வைத்தால் வெளிப்புறம் சுருங்கி, உள்ளே சூடு நின்று, தானாகவே வெடிக்கும்.

இப்படிக் கூட்டாக வேலை செய்கிற முறை இத்தாலியின் முரானோ தீவுடையது. சிஹூலி 1968இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1971இல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1979இல் முரானோவின் லினோ தாலியாபியெத்ரா அங்கே கற்றுக்கொடுக்க வந்தார். தீவை விட்டு வெளியே போகக்கூடாது என்று நூற்றாண்டுகளாகக் காத்த வித்தையை அந்நியருக்குக் கொடுத்ததால் ஊரில் அவருக்கு ஏச்சு கிடைத்தது. சிஹூலிக்கு 1976இல் கார் விபத்தில் இடது கண் பார்வை போனது. 1979இல் கடலில் தோள் விலகியது. அதன்பிறகு அவர் குழாய் பிடிக்கவில்லை. வரைந்து கொடுப்பார், பக்கத்தில் நின்று சொல்வார்; ஊதுவது வேறு கைகள். பாலத்தில் நான் கழுத்து வலிக்கப் பார்த்ததெல்லாம் அப்படி வந்தவை. இது மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிற்பக்கூடத்தில் ஸ்தபதி எல்லா உளியையும் தானே பிடிப்பதில்லை. ஆனாலும் பலகை பிடித்து நின்ற பெண்ணின் பெயர் எங்கேயும் இருக்காது என்பது உறுத்தியது.

மாலையில் நகர மையத்தை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் காசு கட்டிப் பேப்பர்வெயிட் செய்யக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முன்கையில் பழைய தீக்காயங்கள், கொசுக்கடித் தழும்புபோல. வாரத்தில் மூன்று நாள் இங்கே, மீதி நாள் உணவகத்தில். "மணிக்கட்டுதான் முதல்ல போகும். மூச்சு இல்ல" என்றாள். எரிவாயு பில்தான் முதலாளிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், உலை ராப்பகலாக எரிகிறதே என்றாள்.

"சுத்திக்கிட்டே இருங்க, எதைப் பார்த்தாலும் சுத்துங்க" என்று சொல்லித்தான் கம்பியைக் கொடுத்தாள். ஜன்னல் வழியே மழை விட்டிருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். உருண்டை மூக்குச்சளிபோல் தொங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கம்பியை வாங்கி, அதை இரும்புத் தொட்டியில் தட்டினாள். நெல் பொரிகிற சத்தத்தோடு அது வெடித்துக்கொண்டே கிடந்தது. இரண்டாவதை எடுத்தவளும் உருட்டியவளும் அவள். நிறம் எது என்று சொன்னதும், நடுவில் கொஞ்சம் கம்பியைச் சுழற்றியதும் நான்.

ஆறி வருவதற்கு நாளாகும் என்பதால் தபாலில் அனுப்பினார்கள். அடுத்த வாரம் வந்தது. பச்சை கேட்டிருந்தேன், அடர்ந்த பச்சைதான். கவிழ்த்துப் பார்த்தேன். தொப்புளைத் தேய்த்து வழவழப்பாக்கி, அதைச் சுற்றி ஊசிமுனை எழுத்தில் ஒரு பெயரும் வருடமும் பொறித்திருந்தார்கள். என் பெயர்.